எழுபது சதவீதம் வரலாறு, முப்பது சதவீதம் கூச்சல்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் டூட்டி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டு அடிக்கும் இயந்திரம் மட்டும் அதை மாதம் ஒருமுறை நினைவுகூர்ந்தது. அங்கே இருக்கும் அறுபத்திரண்டு துப்புரவுப் பணியாளர்களில் நாளைக்கு யார் எந்த வார்டு, யார் எந்த மாடி, யார் காலை, யார் மதியம் என்று பிரித்து எழுதுவது அவள் உத்தியோகம். மாடிப்படிக்குக் கீழே, போர்வை அடுக்கும் அறைக்கும் பினாயில் கேன்களுக்கும் நடுவில், நிமிர்ந்தால் படி தலையில் இடிக்கும் இடமாகப் பார்த்து அவளுக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடமாகக் குனிந்தபடியே நிர்வாகம் செய்துவந்தாள்.

அவளிடம் ஒரே ஒரு விதிதான். லீவு வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். ஆறரைக்குப் புதிய பட்டியல் அறுபத்திரண்டு போன்களுக்கும் போய்விடும். "அக்காகிட்ட வேலை பார்க்கிறவ செத்தாலும் ஆறு மணிக்குள்ள சொல்லிட்டுத்தான் சாகணும்" என்று பணியாளர்கள் பேசிக்கொள்வார்கள். அவள் காதிலும் அது விழுந்திருக்கிறது. மறுக்கவில்லை.

போதாததற்கு, லீவை மோப்பம் பிடிக்கும் மூக்கும் அவளுக்கு வாய்த்திருந்தது. புதன்கிழமை "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்று ஆரம்பிப்பவர் வெள்ளிக்கிழமை வரமாட்டார். போனில் இருமிவிட்டு ஹலோ சொல்பவருக்கு வியாதி கிடையாது. ஹலோ சொல்லிவிட்டு இருமுபவருக்கு உண்டு. இந்த ஞானத்துக்கெல்லாம் எந்தக் கல்லூரியும் பட்டம் தருவதில்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது ஒரு மகள், ஒரு கணவன், ஒரு பள்ளிக்கூடம்.

மகளுக்குப் பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. ஆட்டிசம் என்று ஐந்து வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. "பார்த்தா அப்படித் தெரியலையே" என்பது நாத்தனாரின் தீர்ப்பு. பிறகு எப்படித் தெரிய வேண்டும் என்று கேட்டால், "நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே" என்று பேச்சு வேறு ரயிலில் ஏறிவிடும்.

அந்தப் பெண்ணோடு குடித்தனம் நடத்துவது சுலபம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. சட்டைக் கழுத்தில் ஒரு லேபிள் இருந்தால் அன்றைக்கு வீடு போர்க்களம். மிக்ஸி ஓடப்போகிறது என்றால் அறிவித்துவிட்டுத்தான் ஓட வேண்டும். ஆனால் அந்த வாழ்க்கைக்கு விதிகள் இருந்தன. விதிகள் இருக்கிற இடத்தில் டூட்டி அக்காவுக்கு மூச்சு சீராக வரும். விதிகளில் தலையானது இது: என்ன வேண்டுமானாலும் மாறலாம், ஆனால் முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும்.

தினமும் ஏழு மணிக்கு மகள் சாப்பாட்டு மேஜையில் உட்காருவாள். ஒரு வெள்ளைத்தாள், ஆறு கலர் பேனா. மேலே 'நாளை' என்று எழுதுவாள். எட்டு பீரியடுக்கும் கட்டம் போட்டு, கணக்குக்கு நீலம், வரலாற்றுக்குப் பழுப்பு, வேதியியலுக்குப் பச்சை என்று நிரப்பி, ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டால் அவளுக்கு உலகம் தன் இடத்தில் நிற்கும். காலையில் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவாள்.

கணவர் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவர். நல்ல மனிதர். ஊராரின் பார்வையைச் சரிசெய்யும் அவருக்கு, "எல்லாம் தானா சரியாயிடும்" என்பதைத் தவிரத் தன் வீட்டைப் பற்றி வேறு பார்வை கிடையாது. எல்லாவற்றையும் திருத்துகிறாள் என்பதால் மகளுக்கு அவர் வைத்த பெயர் பெரியம்மா.

"பெரியம்மா, அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று அவர் கிளம்பினால், மகள் அம்மாவிடம் சொல்வாள்: "அப்பாவோட அஞ்சு நிமிஷம்னா இருபத்து மூணு நிமிஷம். சராசரி. நான் குறிச்சு வெச்சிருக்கேன்."

வீடு இப்படி ஒரு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம்தான் எந்தக் கணக்குக்கும் வரவில்லை.

அங்கே கால அட்டவணை என்று ஒன்று அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். நடப்பது வேறு. காலை எட்டு ஐம்பதுக்கு எந்த ஆசிரியர் வரவில்லை என்று பார்த்து, கணக்கு சார் ஒரு நீள நோட்டில் மாற்று வகுப்பு எழுதுவார். வரலாற்று டீச்சர் வராவிட்டால் அந்தப் பீரியடுக்கு டிரில் மாஸ்டர் வருவார். டிரில் மாஸ்டர் வகுப்புக்குள் வந்து என்ன செய்வார் பாவம், "சத்தம் போடாதீங்க" என்று சத்தம் போடுவார். நாற்பது பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். பழுப்புக் கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே விசிலைப் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு உலகம் இடத்தைவிட்டு நழுவிவிடும். காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். யாராவது கையைப் பிடித்து இழுத்தால் அலறுவாள். பள்ளி இதற்குச் 'சம்பவம்' என்று பெயர் வைத்து, அதற்கென்று ஒரு பதிவேடும் வைத்திருந்தது.

பள்ளிக்கு அக்கறை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். போன வருடம் ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்று ஒன்று கொண்டாடினார்கள். யாருக்கும் சொல்லாமல் காலை வகுப்புகள் அத்தனையும் ரத்து. மைதானத்தில் ஒலிபெருக்கி. முன்னூறு பலூன். தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து, "இந்தக் குழந்தைகளை நாம புரிஞ்சுக்கணும்" என்று முழங்கிய வேகத்தில் மைக் கீச்சிட்டது, பலூன்கள் வெடித்தன. அன்றைய பதிவேட்டில் எழுதியிருந்ததை டூட்டி அக்கா தன் கண்ணால் படித்தாள்: 'ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் நிகழ்ச்சிக்கு மாணவி ஒத்துழைக்கவில்லை.'

இரண்டு வருடத்தில் பதினாலு முறை அவளைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். பதினாலு முறையும் அரை நாள் லீவு, முந்தின நாள் ஆறு மணிக்குள் தனக்குத் தானே விண்ணப்பித்து. பதினாலு முறையும் அவள் கேட்டது ஒன்றைத்தான்.

"மேடம், மறுநாள் யார் லீவு, அதுக்குப் பதிலா என்ன வகுப்புன்னு முந்தின நாள் சாயங்காலம் ஒரே ஒரு வரி அனுப்புங்க. வேற எதுவும் வேண்டாம்."

"ஒரு மாணவிக்காகத் தனி ஏற்பாடு பண்ணா, மத்த பெற்றோர் என்ன நினைப்பாங்க?"

"மத்தவங்களுக்கும் அனுப்புங்களேன் மேடம்."

"அது எப்படிம்மா முடியும்? யார் லீவுன்னு காலையில வந்து பார்த்தாத்தானே எங்களுக்கே தெரியும்!"

அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது, அறுபத்திரண்டு பேர் கதை. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். மகள் அங்கே படித்தாக வேண்டும்.

பதினாலாவது சந்திப்பில் தலைமையாசிரியை கோப்பை மூடிவிட்டுச் சொன்னார். "முப்பது வேலை நாள் பார்ப்போம். ரெண்டு சம்பவம் வரைக்கும் பொறுத்துக்கறோம். மூணாவது வந்தா, பொண்ணு வீட்டிலிருந்தே படிக்கட்டும். பரீட்சைக்கு மட்டும் வரலாம். அவளுக்கும் அதுதான் நிம்மதி."

நிம்மதி யாருக்கு என்று டூட்டி அக்காவுக்குத் தெரியும். மகளுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும் என்பதுதான் இதில் வேடிக்கை. வேதியியல் கூடத்தில் குப்பிகளை எழுத்து வரிசையில் அடுக்குவது அவள்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்காரும் தோழி ஒருத்தியும் உண்டு. இருவரும் இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் மிகுந்த திருப்தியோடு சேர்ந்து சாப்பிட்டுவந்தார்கள். செய்தியைச் சொன்னபோது மகள் கேட்டது ஒரே கேள்வி.

"நான் வீட்ல இருந்தா அவ யார்கூடப் பேசாம சாப்பிடுவா?"

அம்மா போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

"கவலைப்படாதே, எல்லாம் தானா..." என்று கணவர் தொடங்கினார்.

"தானா சரியானது எது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அவர் நேர்மையானவர். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் நாளே முதல் சம்பவம். அன்றைக்குத்தான் டூட்டி அக்காவுக்குள் இருந்த நிர்வாகி எழுந்து நின்றாள். பள்ளி சொல்லாவிட்டால் போகிறது. யார் லீவு போடுவார் என்று பன்னிரண்டு வருடமாக மோப்பம் பிடித்தவளுக்கு இருபத்தொரு ஆசிரியர்கள் எம்மாத்திரம்?

பள்ளி வாட்ச்மேனின் மனைவி அந்த அறுபத்திரண்டு பேரில் ஒருத்தி. அதனால் வாட்ச்மேன் அவளுக்குத் தம்பி முறை ஆனார். தினமும் ஐந்தே முக்காலுக்குப் போன் வரும்.

"அக்கா, இங்கிலீஷ் டீச்சர் இன்னைக்குச் சாப்பாட்டுப் பையையும் குடையையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க."

"எப்பவும் ஸ்கூல்லயே வெச்சுட்டுப் போற பைதானே? அப்போ நாளைக்கு வரமாட்டாங்க. வேதியியல் சார்?"

"மதியத்திலிருந்து தும்முறார்."

"தும்மிட்டு யாரையாவது பார்க்கிறாரா?"

"ஹெச்.எம். ரூமைப் பார்க்கிறார்க்கா."

"நடிப்பு. நாளைக்கு லீவு."

ஆஸ்பத்திரி ஸ்டோரிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டாள். ஆசிரியருக்கு ஒரு பக்கம். தேதி, அறிகுறி, சொன்ன காரணம், உண்மைக் காரணம், வந்தாரா வரவில்லையா. வேதியியல் பக்கத்தில் மூன்று இடத்தில் 'பொய்' என்று சிவப்பில் எழுதி அடிக்கோடு இட்டாள். ஆஸ்பத்திரிப் பல் பிரிவு வரிசையில் வரலாற்று டீச்சர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டபோது, ஒரு சக மனுஷியின் வேதனையைப் பார்த்து மனம் குளிர்ந்ததற்காக அவள் உள்ளூர வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே குறித்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு மகளிடம் சொன்னாள். "மூணாவது பீரியட் வரலாறு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்."

மகளின் பேனா அந்தரத்தில் நின்றது. "இருக்கலாம்னா எத்தனை சதவீதம்?"

அம்மா யோசித்தாள். "எழுபது."

"மிச்சம் முப்பது?"

"டிரில் மாஸ்டர். கூச்சல்."

மகள் கட்டத்தை அளவெடுத்து இரண்டாகப் பிரித்தாள். எழுபது பங்குக்குப் பழுப்பு, முப்பது பங்குக்குச் சிவப்பு. காதடைப்பானைச் சிவப்புக்குத் தயாராகப் பையின் முன்ஜிப்பில் வைத்துக்கொண்டாள். பிரச்சினை மாற்றத்தில் இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்தான் இருக்கிறது என்று பதினாலு கூட்டத்தில் பெரியவர்களுக்குப் புரியாத சங்கதி ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

ஆனாலும் மோப்பம் எப்போதும் பலிப்பதில்லை. எட்டாம் நாள், நூறு சதவீதம் வருவார் என்று எழுதிய ஓவிய ஆசிரியர் வரவில்லை. கதவில் விரல் மாட்டிக்கொண்டதாம். இரண்டாவது சம்பவம். மீதி இருபத்திரண்டு நாள். இனி ஒன்று வந்தால் கதை முடிந்தது.

"கதவை நீ கணக்குல சேர்க்கலை" என்றாள் மகள் அன்று மாலை. குற்றச்சாட்டு இல்லை, தகவல்.

ஒன்பதாம் நாள் மாலை, ஸ்டாஃப் ரூமில் பெற்றோர் கூட்டம். டூட்டி முடிந்து அப்படியே ஓடினாள். கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் கழற்றக்கூட நேரமில்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால் நோட்டைக் காணோம். எங்கே விட்டோம் என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். மறுநாள் காலை வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தார், பழைய காலண்டர் தாளில் பொட்டலமாகச் சுற்றி, இரண்டு கையாலும்.

"ஸ்டாஃப் ரூம் பெஞ்சுல இருந்துச்சுங்க" என்றார். அக்கா என்ற சொல் காணாமல் போயிருந்ததை அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை.

பத்தாம் நாளிலிருந்து அவளுடைய கணிப்பு சீட்டுக்கட்டாகச் சரிந்தது. எண்பது சதவீதம் வரமாட்டார் என்ற வேதியியல் சார் வந்தார். தொண்ணூறு சதவீதம் வரமாட்டார் என்ற இங்கிலீஷ் டீச்சர் வந்தார், குடையோடு. பல் பிடுங்கிய வரலாற்று டீச்சர் வாயில் பஞ்சோடு வந்து, பேச முடியாமல் ஒரு சாம்ராஜ்யத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கரும்பலகையில் எழுதியே முடித்தார். கால அட்டவணை கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தபடியே நடந்தது. பள்ளி தொடங்கிய நாளிலிருந்து நடக்காத அதிசயம் இது.

சம்பவம் இல்லை. பதினைந்தாம் நாள், இல்லை. இருபதாம் நாள், இல்லை. மகள் சந்தோஷமாக இருந்தாள், ஆனால் நேர்மை நேர்மைதானே.

"அம்மா, உன் கணிப்பு பதினோரு நாளா தப்பு. வேற வேலை பார்க்கலாம் நீ."

தாய்க்கு நிம்மதி, நிர்வாகிக்கு அவமானம். மூக்குதான் கெட்டுவிட்டதோ என்று பினாயிலை மோந்து பார்த்துக்கொண்டாள். கடைசியில் வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கினாள். அவர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டார்.

"நீங்க மேலிடத்து ஆளு, ஆஸ்பத்திரி வேலை சும்மா வேஷம்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தும்மல் கணக்கெல்லாம் நான் சொன்னதுன்னு எழுதிடாதீங்க. எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு."

"எந்த மேலிடம்? என்னப்பா உளர்றே?"

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அந்தப் பழைய நோட்டின் அட்டையில் 'வருகைக் கண்காணிப்பு – ரகசியம்' என்று அச்சடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லா நோட்டிலும் ரகசியம் என்று அடிப்பது வழக்கம், சோப்பு நோட்டு உட்பட. உள்ளே தேதிவாரியாக லீவு, காரணம், சிவப்பில் பொய். வேதியியல் சார் தன் பக்கத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லையாம். கூட்டத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார் என்று யோசித்து, மகளின் சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தாயின் தொழில்: மேற்பார்வையாளர். கழுத்திலோ முத்திரை போட்ட அட்டை. கல்வி அலுவலகம் ரகசியமாக அனுப்பிய ஆள் என்று அன்று மாலையே ஸ்டாஃப் ரூம் ஏகமனதாக முடிவு செய்துவிட்டது.

டூட்டி அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடம், பதினாலு சந்திப்பு. என்ன மேற்பார்வை, எங்கே மேற்பார்வை என்று இவர்களில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்டதில்லை. மகள் நலனுக்காக மன்றாடிய தாய்க்கு நகராத பள்ளிக்கூடம், ஒரு பழைய நோட்டின் அட்டையைப் பார்த்து நடுங்கி நேரத்துக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் மிச்சம் பத்து நாள். நான் பொய் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று மனசாட்சிக்கு ஒரு மாற்று வகுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

இருபத்தொன்பதாம் நாள் காலை தலைமையாசிரியை அழைத்தார். இம்முறை நாற்காலி காட்டினார்கள். சாசரோடு டீ வந்தது. கணக்கு சார் பக்கத்தில் நீள நோட்டோடு நின்றார்.

"பாருங்க மேடம்" என்றார் தலைமையாசிரியை. மேடம்! "இருபது நாளா ஒரு சம்பவம்கூட இல்லை. எல்லாம் எங்க பள்ளியோட தனி அணுகுமுறை. பொண்ணு முழுக்கச் சரியாயிட்டா. நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. மேலிடத்துக்கு நல்லபடியா எழுதுவீங்கன்னு நம்புறோம்."

"அவ சரியாகலை மேடம், அவ எப்பவும் சரியாத்தான் இருந்தா. சரியானது உங்க டைம்டேபிள்" என்றாள் டூட்டி அக்கா. டீயைத் தொடவில்லை. "இதே மாதிரி நடக்கணும்னுகூட நான் கேட்கலை. மனுஷங்கன்னா லீவு போடத்தான் செய்வாங்க. முந்தின நாள் ஒரு வரி. அதுதான் இப்பவும் கேட்கிறேன்."

"தாராளமா செய்யலாம். ஒரு குழு அமைச்சு..."

"குழு எதுக்கு மேடம்? ஒரு வரி."

"சரி, அப்போ ஒண்ணு பண்ணுங்க." தலைமையாசிரியை ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "உங்க ஆபீஸ் உத்தரவா எழுதிக் குடுத்துடுங்க. கையெழுத்து, சீல். நாளையிலிருந்தே ஆரம்பிச்சுடறோம்."

அவள் தாளைப் பார்த்தாள். பேனாவும் பக்கத்திலேயே இருந்தது. சும்மா இருந்தது வேறு. எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு. அட்டவணையில் பொய் எழுதாத கை, பன்னிரண்டு வருடப் பழக்கம், நகர மறுத்தது. கூடவே இரண்டு வருடமாக விழுங்கியதெல்லாம் மேலே வந்தது.

"மேடம், நான் எந்த ஆபீசும் இல்லை. ஆஸ்பத்திரியில கக்கூஸ் கழுவுறவங்க, தரை துடைக்கிறவங்களுக்கு டூட்டி போடுறவ. அறுபத்திரண்டு பேர். தினம் சாயங்காலம் ஆறரைக்குள்ள அறுபத்திரண்டு பேருக்கும் மறுநாள் வேலையைச் சொல்லிடுறேன். மாடிப்படிக்கு அடியில உக்காந்து, ஒரு போனை வெச்சுக்கிட்டு. இத்தனை பேர், இவ்வளவு பெரிய கட்டடம், உங்களால ஒருத்திக்குச் சொல்ல முடியலைங்கிறீங்க!"

தலைமையாசிரியையின் முகம் மெதுவாகப் பழைய தலைமையாசிரியைக்குத் திரும்பியது.

"பார்த்துக்கலாம்மா. நாளைக்கு ஒரு நாள் இருக்கில்ல" என்றார். மேடம் போய், அம்மா வந்துவிட்டது. டீயையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவள் வராந்தாவைக் கடப்பதற்குள் செய்தி அவளைத் தாண்டிப் போய்விட்டது. ஸ்டாஃப் ரூமிலிருந்து பெருமூச்சும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன. நல்ல ஆரோக்கியமான தும்மல் ஒன்றும் கேட்டது. மூன்று வாரமாக அடக்கிவைத்த லீவெல்லாம் நாளைக்கு ஒரே நாளில் மடை திறக்கப் போகிறது என்று அவளுடைய மூக்கு சொன்னது. மூக்கு கெடவில்லை. நாளைக்குத்தான் முப்பதாம் நாள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

கேட்டருகில் கணக்கு சார் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் அந்த நீள நோட்டு.

"ஒரு நிமிஷம். அறுபத்திரண்டு பேருக்கு எப்படி முந்தின நாளே... நான் இருபத்தோரு பேரை வெச்சுக்கிட்டு தினம் காலையில எட்டு அம்பதுக்குத் தலையைப் பிச்சுக்கிறேன். ஆறு வருஷமா."

கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு, எதிரே நின்ற வழுக்கைத் தலையைப் பார்த்ததும் சகதொழிலாளி ஒருவரின் துயரம் தெரிந்தது.

"ஆறு மணிக்குள்ள சொன்னா லீவு, கேள்வியே கிடையாது. சொல்லாம நின்னா, திரும்பி வந்த அன்னைக்கு யாருக்கும் பிடிக்காத வார்டு. அவ்வளவுதான் சார். உங்ககிட்ட அப்படி ஒரு வகுப்பு இருக்குமே?"

"ஏழு சி" என்றார் கணக்கு சார், ஒரு நொடிகூட யோசிக்காமல். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நல்ல மனிதர்களின் கண்ணில் அடிக்கடி வராத வெளிச்சம்.

அன்று மாலை ஏழு மணி. மகள் வெள்ளைத்தாளோடு உட்கார்ந்துவிட்டாள். அம்மாவிடம் சொல்ல ஒரு சதவீதம்கூட இல்லை. வாட்ச்மேன் போனை எடுக்கவில்லை. மேலிடம் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு மரியாதையும் போய் உறவும் போயிருந்தது. எத்தனை வேண்டுமானாலும் சிவப்பு அடிக்கச் சொல்லலாம். நாள் முழுக்கச் சிவப்பு என்றால் அதைப் பையில் வைத்துக்கொண்டு யார்தான் பள்ளிக்குப் போவார்கள்?

ஏழு நாலுக்குப் போன் குரல் கொடுத்தது. புதிய எண்.

'நாளை லீவு நால்வர். 1 ஆங்கிலம் இல்லை, நூலகம். 3 வரலாறு இல்லை, கணக்கு. 5 வேதியியல் இல்லை, கணக்கு. 8 ஓவியம் இல்லை, டிரில் (கூச்சல் இருக்கும்). தாமதத்துக்கு மன்னிக்கவும். – கணக்கு.'

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு உரக்கப் படித்தாள். மகள் முகம் சுளிக்காமல், கேள்வி கேட்காமல், நூலகக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, நீலம் நீலம் சிவப்பு என்று கட்டத்தை நிரப்பிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினாள்.

"தப்பு. அஞ்சாவது பீரியட் கணக்கு சார் பத்து பி-யில இருப்பார். ஒரே நேரத்துல ரெண்டு வகுப்புல இருக்க முடியாது."

அம்மா அதை அப்படியே அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: 'உண்மை. 5 நூலகம். நன்றி சொல்லவும்.'

"நன்றியாம்" என்றாள் அம்மா.

"சரி" என்றாள் மகள். அது நூலகத்துக்கு என்ன கலர் என்ற யோசனையில் சொன்ன சரி.

மறுநாள் நால்வர் லீவு, பதினெட்டு பெஞ்சு கூச்சல், எட்டாம் பீரியடுக்குக் காதடைப்பான். பதிவேட்டில் 'சம்பவம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மகள் பள்ளியில் தொடர்ந்தாள். கணவர், "நான் சொன்னேனில்ல, எல்லாம் தானா..." என்று ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, கண்ணாடியைத் துடைக்கப் போனார். டூட்டி அக்காவுக்கு ஆனந்தக் கண்ணீர் எதுவும் வரவில்லை. அந்தச் செய்தியை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தன் போனில் அடித்துப் பார்த்தாள். நாலு நிமிடம். நாலு நிமிட வேலைக்கு இரண்டு வருடம். அன்றிரவுச் சாப்பாட்டில் உப்பைக் கொஞ்சம் அதிகமாகவே போட்டாள்.

ஏழு சி-யின் மகிமையால் இரண்டே வாரத்தில் மொத்த ஸ்டாஃப் ரூமும் ஆறு மணிக்குள் லீவு சொல்லப் பழகிவிட்டது. தலைமையாசிரியை அதைக் கவனித்து, இவ்வளவு நல்ல காரியம் தானாக நடந்துகொண்டிருப்பது முறையல்ல என்று கண்டார். அதற்கு 'முன்னறிவிப்புத் திட்டம்' என்று பெயர் சூட்டி, குழுவும் அமைத்தார்.

ஒரு வியாழக்கிழமை மாலை, ஐந்து ஐம்பதுக்கே கணக்கு சாரின் செய்தி வந்தது. 'நாளை எல்லா வகுப்பும் ரத்து. முன்னறிவிப்புத் திட்டத் தொடக்க விழா. ஒலிபெருக்கி உண்டு. பலூன் 300. என்னால் தடுக்க முடியவில்லை.'

மகள் பேனாவை எடுத்தாள். எட்டுக் கட்டத்துக்கும் சேர்த்துப் பெரிதாக ஒரே கட்டம் போட்டாள். உள்ளே நிதானமாக எழுதினாள்: 'லீவு. 100%.' பிறகு கடிகாரத்தைப் பார்த்து அவசரமாகப் போனை அம்மாவிடம் நீட்டினாள்.

"சார்கிட்ட இப்பவே சொல்லும்மா. ஆறு மணிக்கு இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு. அப்புறம் என்னை ஏழு சி-ல போட்டுடுவார்."